எண்ணெய் பட்ட வால்வு

“ஒழுகவே ஒழுகாதுன்னு நீதானே சொன்னே...”

“ஒழுகாதும்மா, அதத்தான் நானும்...”

“அப்புறம் எப்படி மெத்தை நனஞ்சுச்சு? நான் கண்ணால பாத்தேன்லா.”

ஆஸ்பத்திரி வராந்தாவில் பிரிஜெட்டும் மகள் கேரனும் ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்துகொண்டிருந்தார்கள். உள்ளே பிரிஜெட்டின் கணவர் கிளாரன்ஸ். வயிற்றுக்குள் கிருமி ஏறிவிட்டது. திகாம் பத்து ஊரில், வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ள வயிற்றில் வைத்திருந்த குழாயை நாளைக்கு எடுத்துவிடுவார்களாம். அதற்குள் காய்ச்சல் இறங்காவிட்டால் ஒன்றும் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

குழாய் முனையிலிருந்த வால்வு, கேரனும் சேர்ந்து, தான் வேலை பார்க்கும் ஃபேக்டரியில் வடிவமைத்தது. டயாலிசிஸ் நீர்ப் பையைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் ரப்பர் உதடு மாதிரி மூடிக்கொள்ளும். ஒரு சொட்டு வெளியே வராது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் கிளாரன்ஸ் சட்டையைத் தூக்கிக் காட்டுவார். நீங்க வெறும் தொப்பைய வச்சிருக்கீங்க, நான் என் மக மூளைய மாட்டிக்கிட்டுத் திரியறேன் என்பார்.

நர்ஸ் மாற்றிவிட்டுக் கொடுத்த பழைய வால்வைக் கேரன் வெளிச்சத்தில் திருப்பினாள். முடி முடியாக விரிசல். விரலில் வழுக்கியது. இதில் என்ன வைத்தீர்கள் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள் பிரிஜெட். பிறகு, கோவில் திருநாளில் ஃபாதர் மந்திரித்துக் கொடுத்த எண்ணெய்தான், தினமும் ஜெபம் சொல்லி அவர் வயிற்றில் சிலுவை போடுவேன், அப்படியே அதற்கும் ஒன்று போடுவேன் என்றாள்.

எண்ணெய் பட்டால் அந்தப் பிளாஸ்டிக் வெடித்துவிடும், வெடிப்பு வழியே கிருமியும் ஏறும். கேரனுக்கு அது தெரியும். வீட்டில் சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றியதில்லை. குழாய்க்குப் போய் யார் எண்ணெய் வைப்பார்கள்?

மகள் சொன்னதைக் கேட்டபின் பிரிஜெட் விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“அப்பாகிட்ட சொல்லிடாதம்மா. தெரிஞ்சா என் கையால தண்ணிகூட... இல்ல, குடிப்பாரு. ஒண்ணும் சொல்லாம வாங்கிக் குடிப்பாரு. அதத்தான் என்னால தாங்க முடியாது.”

இருவரும் உள்ளே போனார்கள். கிளாரன்ஸின் உதடு வறண்டு வெடித்திருந்தது. கட்டிலின் அந்தப் பக்கம் போய் நின்று, சரியாகவே இருந்த போர்வையைப் பிரிஜெட் மறுபடி சரிசெய்தாள். அவர் கண்ணைத் திறந்து மகளைத் தேடினார். கேரன் குனிந்தாள்.

“ஏம்மா, உன் வால்வுதான் ஒழுகிடுச்சா?”