ஆளுக்கொரு காலம்

"புது முதலாளியம்மா இத மூடத்தான் வர்றாங்க. சும்மா சுத்திப் பாக்க யாராவது பிளேன் ஏறி வருவாங்களா?" என்றாள் கைப்பிடி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பள்ளிக்கூடப் பை தைக்கும் கூடம் அது. ஒரு பை முழுவதும் யார் கையிலும் உருவாவதில்லை. முதல் மேசையில் பாக்கெட் வைப்பார்கள். அடுத்ததில் ஜிப். அதற்கடுத்து கைப்பிடி, பிறகு தோளில் மாட்டும் பட்டை. கடைசியில் செக்கர் நின்று, தையலை இழுத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி அனுப்புவார். யார் எதைத் தைக்கிறார்களோ அதுவே கூப்பிடும் பெயரும். ஜிப் தைப்பவள் வயதில் மூத்தவள் என்பதால் அவள் ஜிப்பக்கா.

கைப்பிடி சொன்னதைக் கேட்டு ஜிப்பக்காவின் தையல் கோணிப் போனது. தன் வேலை போய்விடுமே என்று அல்ல. ஊசி பிடித்த கை எங்கேயும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அவள் கணவனும் அதே கூடத்தில்தான் மெக்கானிக். ஓடும் மிஷினைக் குனிந்து பார்த்தபோது உடைந்த ஊசி தெறித்து அவன் வலது கண் போய்ப் பல வருஷம் ஆகிறது. இங்கே அது எல்லோருக்கும் தெரியும், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மிஷின் மேல் கையை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான். வேறு கம்பெனிக்குப் போனால் முதலில் கண்ணைத்தான் பார்ப்பார்கள்.

"வெளிய போனா என்னை வாட்ச்மேனாக்கூட எடுக்க மாட்டான். ஒத்தக் கண்ண வச்சுக்கிட்டு எந்தப் பக்கத் திருடனப் புடிக்க?" என்று அவன் சொல்லிச் சிரிப்பான். அவளுக்குச் சிரிப்பு வராது.

"மூட வேண்டாம்னு அந்தம்மாகிட்ட கேட்டா என்ன?" என்றாள் ஜிப்பக்கா.

"யாரு கேக்கறது? மேனேஜரா?" பாக்கெட் அக்கா மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். மூன்று பேர் இடத்தை நிரப்பும் உடம்பு, ஆறு பேர் இடத்தை நிரப்பும் குரல். "பழைய முதலாளி வந்தப்ப ஃபேன் ஓடலன்னு நாம சொன்னோம். காத்தோட்டம் பிரமாதம்னு சொல்றாங்க சார்னு மேனேஜர் அவர்கிட்ட சொல்லிட்டாரு. இவர் வாயால போனா நம்ம அழுகைகூடப் பாட்டாத்தான் போய்ச் சேரும்."

புது முதலாளியம்மா பேசுவது ஸ்பானிஷ். வெளியாட்களைக் கூடத்துக்குள் விடமாட்டார்கள். கைபேசியை வாசலிலேயே பிடுங்கிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். ஆக, பேச வேண்டுமென்றால் சொந்த வாயால்தான் பேச வேண்டும்.

"என் நாத்தனாருக்கு ஸ்பானிஷ் தெரியும். நான் கத்துக்கிட்டு வர்றேன்" என்றாள் ஜிப்பக்கா.

நாத்தனார் ஒரு கம்பெனியில் உட்கார்ந்து ஸ்பானிஷ்காரர்களின் புகார்களுக்குப் போனில் பதில் சொல்பவள். வீட்டுக்கு வந்தால் யாரிடமும் பேசப் பிடிக்காது. அன்றைக்கும் காதில் மாட்டியதைக் கழற்றாமல் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு வரி சொல்லித் தர்றேன் அண்ணி. அத மட்டும் மனப்பாடம் பண்ணுங்க."

"அவங்க திருப்பி ஏதாவது கேட்டா?"

"சிரிங்க."

"சிரிச்சுட்டு வர்றதுக்கா இவ்வளவு பாடு? உங்கண்ணன் பொழப்பு இதுல இருக்கு. எனக்கு 'வேலை செய்'ங்கிறது முழுசா வேணும். செஞ்சோம், செய்றோம், செய்வோம், விட்டா செய்வோம், அத்தனையும். அவங்க எதக் கேட்டாலும் வேலையப் பத்தித்தானே கேக்கப் போறாங்க?"

நாத்தனார் சீப்பை வைத்தாள். "திரபாஹார். அதுதான் வேலை செய். நல்ல வேளை, வம்பு பண்ணாத சொல்லு. கடைசில இருக்கிற 'ஆர்'ரை வெட்டிட்டு ஆளுக்கு ஒரு வாலை ஒட்டணும். நான்னா திரபாஹோ. நீன்னா திரபாஹாஸ். அவன், அவள்னா திரபாஹா. நாங்கன்னா திரபாஹாமோஸ். அவங்கன்னா திரபாஹான்."

"எதிர்காலம்?"

"அதுக்கு வெட்டவே வேண்டாம். முழுச் சொல்லு மேலயே ஒட்டிக்கலாம். திரபாஹாரே, செய்வேன். திரபாஹாரேமோஸ், செய்வோம்."

"அட, நம்ம பை மாதிரியேல்ல இருக்கு! உடம்பு ஒண்ணு, பட்டை மட்டும் மாத்தி மாத்தி."

அந்த நினைப்புதான் அவளைக் கவிழ்த்தது. நிகழ்காலம் வந்துவிட்டது. இறந்தகாலம் வந்து நிகழ்காலத்தைக் கலக்கியது. எதிர்காலத்தோடு 'விட்டா செய்வோமே' என்று இழுக்கும் இன்னொன்று வந்தபோது எல்லாம் சிக்கிக்கொண்டன. கேட்ட ஒலியை அச்சாகத் திருப்பிச் சொல்ல அவளுக்கு வரும். ஆனால் எந்த ஒலி எதற்கு என்பதுதான் நிற்கவில்லை. மறுநாள் சாப்பாட்டு வேளையில் அவள் ஒரு வழி சொன்னாள். மொத்தத்தையும் ஒருத்தி சுமப்பானேன்? பையைப் போலவே ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்வது.

"எனக்கு எதிர்காலத்தக் குடுத்துடு. நிகழ்காலம் பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு" என்றாள் பாக்கெட் அக்கா.

"அப்ப நிகழ்காலம் எனக்கு" என்றாள் ஜிப்பக்கா. "கைப்பிடிக்கு ஏவல். செய், செய்யட்டும், செய்வோம் வா."

"பொருத்தம்தான். மாமியாரையே ஏவறவ" என்றாள் பாக்கெட் அக்கா.

"ஆமா, உன் மருமக உன்னை ஏவறதவிட இது பரவால்ல" என்றாள் கைப்பிடி.

இறந்தகாலத்தைப் பட்டை தைக்கும் அக்கா தங்கை இருவரும் எடுத்துக்கொண்டார்கள். ஒருமுறை செய்து முடித்தது அக்காவுக்கு, வழக்கமாகச் செய்துகொண்டிருந்தது தங்கைக்கு. முடிந்துபோனதில் 'நாங்கள்' என்று வரும்போது அதுவும் திரபாஹாமோஸ், நிகழ்காலத்தில் இருப்பதேதான் என்று தெரிந்தபோது, "நம்ம கதைதான். நேத்து செஞ்சதத்தானே இன்னிக்கும் செய்றோம்" என்றாள் அக்கா. மிச்சம் இருந்த 'செய்வோமே', 'செய்தால்', 'செய்திருந்தால்', 'செய்ய வேண்டுமென்று' எல்லாம் செக்கரிடம் போயின. அவர் மனைவியின் சமையலைக்கூட நன்றாக இருக்கிறது என்று சொல்லாதவர். 'இருக்கலாம்' என்பார்.

மிஷின் சத்தத்தோடு சேர்த்து அவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். பாக்கெட் தொடங்குவாள், பை கை மாறுவதுபோலச் சொல்லும் கை மாறி, கடைசியில் செக்கர் இருமிக்கொண்டே முடிப்பார். மெக்கானிக் எண்ணெய்க் குப்பியோடு போகும்போது மனைவியின் தோளைத் தட்டி, "திரபாஹாஸ்?" என்பான்.

"திரபாஹோ, திரபாஹோ. போய் பெல்ட்டப் பாருங்க."

நாத்தனார் மட்டும் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "பிச்சுப் பிச்சா வச்சுக்கிட்டா பேச முடியாது அண்ணி. ஒரு வாய்க்குள்ள முழுசா இருக்கணும்."

"எங்க பை முழுசாப் போகலியா?"

"பை பதில் சொல்லாது அண்ணி."

"நீ எதுக்கும் ஒரு நொட்டை சொல்லுவே" என்று ஜிப்பக்கா எழுந்து போய்விட்டாள்.

முதலாளியம்மா வந்தார். எல்லோரும் நினைத்த மாதிரி இல்லை. வெட்டிவிட்ட நரைமுடி, தேய்ந்த செருப்பு, தூக்கம் கெட்ட முகம். மிஷின்களைத் தடவிக்கொண்டே நடந்தார். பக்கத்தில் மேனேஜர் கையில் ஒரு காகிதத்தோடு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே வந்தார். இருவரும் நடுக்கூடத்தில் நின்றார்கள். மேனேஜர் காகிதத்தை விரித்துத் தொண்டையைச் செருமினார்.

ஜிப்பக்கா எழுந்தாள்.

"சென்யோரா. திரபாஹாமோஸ்."

அந்த அம்மாவின் முகம் பளிச்சென்று விரிந்தது. ஓரெட்டு முன்னால் வந்து, ஏதோ சின்னதாகக் கேட்டார். கேள்வி புரியவில்லை, குரலில் இருந்த அன்பு புரிந்தது. "சீ, சீ" என்று ஜிப்பக்கா தலையாட்டினாள். ஆமாம் என்பதற்கு அது என்று நாத்தனார் சொல்லிக் கொடுத்திருந்தாள். உடனே அம்மா மேனேஜர் பக்கம் திரும்பி, அவர் விரித்த காகிதத்தை மெல்ல மடித்து அவர் கையிலேயே வைத்துத் தள்ளி நிற்கச் சொன்னார். பாக்கெட் அக்கா பெருமையில் கைப்பிடியின் விலாவில் இடித்தாள்.

அம்மா எல்லோரையும் பார்த்துப் பேசினார். நிறுத்தி நிறுத்தி, குழந்தைக்குச் சொல்வதுபோல. நடுவில் ஓரிடத்தில் திரபாஹார் வந்தது. அது வந்ததும் வரிசை முழுவதும் ஒரு சந்தோஷம் ஓடியது. பேசி முடித்து, அம்மா தன் வலது கையை உயரத் தூக்கி, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆரம்பியுங்கள் என்கிறார். அப்படித்தான் பட்டது எல்லோருக்கும்.

"திரபாஹாரே, திரபாஹாராஸ், திரபாஹாரா" என்று பாக்கெட் அக்கா கூரை அதிரத் தொடங்கினாள். ஜிப்பக்கா வாங்கினாள். கைப்பிடி அம்மாவையே பார்த்து ஏவினாள். பட்டை அக்கா தங்கை முடிந்துபோனதையெல்லாம் சொன்னார்கள். செக்கர் வேர்த்து விறுவிறுத்து, செய்தால் என்பதில் தடுக்கி, செய்திருந்தால் என்பதில் எழுந்து, ஒருவழியாகக் கரை சேர்ந்தார்.

அம்மாவின் கை பாதியில் இறங்கியது. புருவம் சுருங்கியது. அதே கேள்வியை இன்னொரு முறை, இன்னும் மெதுவாகக் கேட்டார். மறுபடி கையைத் தூக்கினார். இவர்கள் இன்னும் சத்தமாகச் சொன்னார்கள். தூணோரம் நின்ற மெக்கானிக் தாளம் தட்டினான்.

அம்மா சிரித்துவிட்டார். கை தட்டினார். பிறகு ஜிப்பக்காவைக் கட்டிக்கொண்டு, முதுகைத் தடவி, ஏதோ சொல்லிவிட்டு மேனேஜர் அறைக்குப் போனார். அவர் கண் கலங்கியிருந்தது.

"கட்டிப் புடிச்சாங்கடி! இனிமே மூடுவாங்களா?" என்றாள் பாக்கெட் அக்கா. அன்று மாலை வரை மிஷின்கள் சும்மாவே வேகமாக ஓடின.

வீட்டுக்கு வந்ததும் ஜிப்பக்கா, அம்மா கேட்டதைக் கேட்டபடியே ஒப்பித்துக் காட்டினாள். அங்கங்கே விட்டுப் போயிருந்தது. நாத்தனார் இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். காதில் இருந்ததைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"கையத் தூக்கினாங்களா அண்ணி?"

"ஆமா. ஆரம்பிங்கன்னு."

"இல்ல அண்ணி." அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இந்த இடத்த மூடறோம், மிஷினெல்லாம் வேற ஊருக்குப் போகுது. அங்க வந்து வேலை செய்ய யாருக்கெல்லாம் சம்மதம், அவங்க கையத் தூக்குங்கன்னு கேட்டிருக்காங்க."

ஜிப்பக்கா வாசலைப் பார்த்தாள். வெளியே அவள் கணவன் பக்கத்து வீட்டுக்காரரிடம் அன்றைய கதையைக் கைதட்டிக் காட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் கூடம் திறக்கும் முன்பே மேனேஜர் அறையில் நின்றாள். அவர் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார்.

"அதைப் படிச்சுச் சொல்லத்தான்மா நான் காகிதத்தோட நின்னேன். இவங்களுக்கே தெரியுது, நீ தள்ளி நில்லுன்னுட்டாங்க. ரெண்டு தடவை கேட்டாங்களாம். ஒருத்தர்கூட கை தூக்கலயாம். பாட்டுப் பாடி வழியனுப்பறாங்க, அவ்வளவு நல்லவங்கன்னு சொல்லி அழுதாங்க."

"நாங்க வர்றோம் சார். எல்லாரும் வர்றோம். அங்க என் வீட்டுக்காரரோட கண்ணப் பத்திக் கேக்க மாட்டாங்க. இதே மிஷின்தானே? இப்பவே சொல்லுங்க சார்."

அவர் மறுக்கவில்லை. அவள் எதிரிலேயே போன் செய்தார். நின்றுகொண்டே பேசினார், இரண்டு முறை கெஞ்சுவதுபோலக் குரல் தாழ்ந்தது. வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"அங்க நேத்து சாயங்காலமே ஆள் எடுத்துட்டாங்களாம். மேடம் நேராக் கேட்டு அவங்க காதால கேட்டத, இப்ப நான் மாத்திச் சொன்னா எடுபடல." இழுப்பறையை மூடிக்கொண்டே, "எனக்கும் அங்க இடமில்லம்மா. உன் வீட்டுக்காரர மட்டும் மிஷினெல்லாம் கழட்டி முடிக்கிற வரைக்கும் வச்சுக்கச் சொல்லியிருக்காங்க" என்றார்.

மெக்கானிக் மிஷின்களைக் கழற்றினான். மற்றவர்களுக்கு அங்கே வேலை இல்லை, இருந்தும் கடைசி நாள் சும்மா வந்தார்கள். காலியான தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பாக்கெட் அக்கா முதலாளியம்மா மாதிரி நடந்து காட்டினாள். கையைத் தூக்கிக் காட்டினாள். செக்கர் தடுக்கி விழுந்த இடத்தைச் செய்து காட்டியபோது செக்கரே கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"வேலை போனாப் போவுது. முதலாளிய அழ வச்சு அனுப்பினோம்ல! எந்தக் கம்பெனில நடக்கும்?" என்றாள் கைப்பிடி.

"நடக்காதுதான்" என்றார் செக்கர். இருக்கலாம் என்றுகூடச் சொல்லவில்லை.

ஜிப்பக்கா எழுந்து நின்றாள். அந்தக் கை எதற்கென்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தாள். எல்லா முகங்களும் சிரிப்போடு அவள் பக்கம் திரும்பின.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. அவருக்கு ஒத்தாசைக்குப் போறேன்."

அவள் கணவன் ஜிப் மேசையின் அடியில் படுத்திருந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்ததும், "அன்னிக்கு எந்திரிச்சு நின்ன பாரு நீ, அது போதும் எனக்கு. நம்மால ஆனதச் செஞ்சு பாத்துட்டோம்" என்றான்.

அவன் ஸ்பானருக்காகத் தரையில் வலப்பக்கம் துழாவினான். அங்கே எதுவும் இல்லை. அவள் இடப்பக்கம் கிடந்ததை எடுத்து அவன் கையில் வைத்தாள்.