பட்டுப்புழு செட்டில் ஒரு பிட்காயின் மிஷின்

பங்குனி வெயில் ஒன்பது மணிக்கே செட்டின் தகரக் கூரையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. கோகிலவாணி இரண்டாவது தட்டில் போட்டிருந்த மல்பெரி இலையைத் தொட்டுப் பார்த்தாள். போட்டு அரைமணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் அப்பளம் மாதிரி மொடமொடத்தது. புழுக்கள் இலையின் மேல் ஏறி, தலையைத் தூக்கிக்கொண்டு, தின்னாமல் கிடந்தன. நான்காவது முறை தோலுரித்து ஐந்து நாளான புழுக்கள். இன்னும் மூன்று நாள் வயிறாரத் தின்றால் கூடு கட்ட ஆரம்பித்துவிடும். இந்தச் சமயத்தில் புழு பட்டினி கிடந்தால் என்ன ஆகும் என்று, தாய்வீட்டுக் காலத்தையும் சேர்த்து ஆறு வருடமாகப் புழு வளர்க்கும் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

செட்டின் மூலையில் அந்த மிஷின் அலறிக்கொண்டிருந்தது. பார்ப்பதற்கு ஒரு காலணிப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. இரண்டு பக்கமும் விசிறி. முன்பக்கம் காற்றை இழுத்து, பின்பக்கம் அடுப்பு அனலாய்த் துப்பும்.

அவள் புருஷன் நவநீதன் அதை வாங்கிவந்ததே அவளுக்காகத்தான். ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அப்போது அவனுக்கு வேலை. சனிக்கிழமை ராத்திரி காரிமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்குவான், ஞாயிறு சாயங்காலம் மறுபடி ஏறிவிடுவான். அதுவும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. கல்யாணமாகி நான்கு வருடத்தில் இருவரும் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் ஆறு மாதம் தேறாது. போன தீபாவளிக்கு வந்தவன், துணிப்பையோடு இந்தப் பெட்டியையும் இறக்கினான்.

"இனிமே போகலடி. வேலைய வுட்டுட்டேன். இந்த மிஷின் நெட்டுல ராத்திரி பகலா கணக்குப் போடும். உலகம் பூரா இதே மாதிரி ஆயிரக்கணக்குல மிஷினு ஓடுது. எல்லாம் சேந்து போடுற கணக்குக்கு பிட்காயின் குடுப்பாங்க, அதுல நம்ம மிஷினுக்கும் பங்கு வரும். வூட்டுல இருந்தே சம்பாரிக்கலாம்."

மாமியார் சின்னம்மாள் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். "காசு மொளைக்கிற பொட்டின்னா, ஒரே ஒரு ரூவாய எடுத்துக் காட்டுடா பாக்கலாம்."

"அது கையில தொடுற காசு இல்லம்மா."

"தொட முடியாத காச எந்தக் கடையில குடுத்து உப்பு வாங்குவ?"

கோகிலவாணி சிரித்துவிட்டாள். அவன் 'இனிமே போகல' என்று சொன்ன பிறகு அவளுக்கு வேறெதுவும் சரியாகக் காதில் விழவில்லை.

நான்கு நாள் பெட்டி வீட்டுக்குள் ஓடியது. ஐந்தாம் நாள் சின்னம்மாள் பாயைச் சுருட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். "நாலு கிரைண்டர ஒண்ணா ஓட்டுனாக்கூட இத்தன சத்தம் வராதுடா!" அப்போதுதான் நவநீதனுக்கு அந்த யோசனை வந்தது. மார்கழிக் குளிரில் புழுக்களுக்குச் சூடு வேண்டும். வருடா வருடம் கரி அடுப்பு வைத்து, புகைக்குப் பயந்து, முழித்துக் கிடந்து காவல் காப்பார்கள். இந்தப் பெட்டியோ சூட்டைச் சும்மா வெளியே தள்ளுகிறது. செட்டில் வைத்துவிட்டால் ஒரே கரண்டில் இரண்டு வேலை! வீட்டு மீட்டரிலிருந்து ஒயர் இழுத்து, பெட்டியைப் புழு செட்டில் குடிவைத்தான். சின்னம்மாளும் பாயோடு திரும்பி வந்துவிட்டாள்.

அந்த மார்கழிப் புழு என்னமாய் வளர்ந்தது! தருமபுரி மார்க்கெட்டில் கூட்டைக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்த வியாபாரி, நல்ல கெட்டி என்று விலையைக் கூட்டிக் கேட்டார். கோகிலவாணி ஊரெல்லாம் சொல்லிப் பூரித்துப் போனாள். "எங்க வூட்டுக்காரர் மூளையே மூளை."

இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

தை மாதம் முதல் கரண்ட் பில் வந்தது. நூறு யூனிட் இலவசம், அதற்குமேல் நாலரை ஐந்து ரூபாய் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தான் அவன். யூனிட் ஏற ஏற விலையும் படிப்படியாக ஏறும் என்பதை யோசிக்கவே இல்லை. மிஷின் சம்பாதித்ததைப்போல் இரண்டு மடங்கு பில். கூடு விற்ற காசில் கட்டினார்கள். "காயின் வெல ஏறும் வாணி. ஏறட்டும், அப்பறம் விக்கலாம்" என்றான். ஏறியது. ஒரு வாரம் சிரித்த முகமாக இருந்தான். பிறகு இறங்கியது. அதன்பின் செல்போனை வைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்திருக்க ஆரம்பித்தான்.

மூன்று நாளுக்கு முன்பு இரண்டாவது பில் வந்தது. அன்று மத்தியானம் அவன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான், வாயில் வைக்கவில்லை.

"இன்னும் ஒரு மாசம் பாக்கறேன். சரிப்படலைன்னா பழைய கம்பெனி சவுரியப்பன் அண்ணனுக்கு போன் பண்ணணும். ஓசூர்ல வேலைக்கு எடம் இருக்குன்னு சொன்னாரு."

அதே நாள் காலையில்தான் தட்டில் இலை சருகாவதை முதன்முதலாக அவள் பார்த்திருந்தாள். சொல்லலாம் என்றுதான் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"புழு எப்பிடிடி இருக்குது?" என்று அவனே கேட்டான்.

"நல்லாத்தான் இருக்குதுங்க மாமா."

எப்படித்தான் வாயில் வந்ததோ அந்தப் பொய். அதன்பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்ற மூன்று நாள் பேயாய் உழைத்தாள். அவன் அறுத்துக் கொண்டுவந்து செட் வாசலில் போட்ட இலையை மூன்று வேளைக்குப் பதில் ஆறு வேளை போட்டாள். ஜன்னலெல்லாம் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டாள். நனைத்துவிட்டுத் திரும்புவதற்குள் பெட்டியின் அனலில் சாக்கு காய்ந்தது. பெட்டியைத் திரும்ப வீட்டுக்குள் வைக்க மாமியார் விடமாட்டாள்; நிறுத்தச் சொன்னால் அவன் நிறுத்திவிடுவான். அது தெரிந்துதான் அவள் சொல்லவில்லை.

பத்து மணிக்குப் பட்டு ஆபீஸிலிருந்து மாதேஷ் வந்தான். மாதம் ஒருமுறை புழு பார்க்க வருபவன், உரிமையாகப் பேசுவான். செருப்பைக் கழற்றி, கிருமி நுழையாமலிருக்கத் தூவியிருந்த சுண்ணாம்புத் தூளை மிதித்து உள்ளே நுழைந்தவன், வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்னாக்கா இது, புழு வளக்கறீங்களா, வத்தல் போடறீங்களா?"

சுவரில் இருந்த வெப்பமானியைப் பார்த்தான். முப்பத்தாறு. இருபத்தைந்தைத் தாண்டக் கூடாத இடம். கீழ்த்தட்டில் இருந்து ஒரு புழுவை எடுத்தான். உடம்பு வீங்கி, தோல் மினுமினுத்தது. விரலால் லேசாகத் தொட்டதும் பால் மாதிரி வெள்ளையாய் ஒழுகியது. அடுத்த தட்டைப் பார்த்தான். அதற்கடுத்ததையும் பார்த்தான். பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டான்.

நவநீதன் இலைக் கட்டோடு உள்ளே வந்தான். "என்னா மாதேஷு, இந்தத் தடவ எத்தன கிலோ தேறும்?"

"ஒண்ணும் தேறாதுண்ணே. பால் புழு. எல்லாத் தட்டுலயும் வந்துட்டுது. மொத்தமா எடுத்துக் குழியில போட்டுருங்க."

"மருந்து?"

"இதுக்கு மருந்து இல்லண்ணே. மூணு நாள் முன்னாடி அந்தச் சனியன நிறுத்தி இருந்தா முக்காவாசி காப்பாத்தி இருக்கலாம். அக்காவுக்குத் தெரியாம இருக்காதே?"

இலைக் கட்டு நவநீதனின் தோளில் இருந்து நழுவியது. அவன் நேராக மூலைக்குப் போய் சுவிட்சை அணைத்தான். விசிறிகள் மெல்ல மெல்ல ஓய்ந்தன. இந்த வயசுப் புழு தின்னும்போது செட்டுக்குள் மழை பெய்வதுபோல் ஒரு சத்தம் கேட்கும். கோகிலவாணி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஒரு சத்தமும் இல்லை.

மாதேஷ் சங்கடத்தோடு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

"தெரியுமா உனக்கு?" நவநீதன் கேட்டான்.

"தெரியும்."

"அப்பறம் ஏன்டி நல்லா இருக்குதுன்னு சொன்ன?"

"சொன்னா மிஷின நிறுத்துவீங்க."

"நிறுத்தினா என்னா?"

அவள் குனிந்து சிதறிக் கிடந்த இலையைப் பொறுக்கினாள். "நீங்க போயிருவீங்க."

திட்டுவான் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் வந்து அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தானும் இலையைப் பொறுக்கினான். அந்த இலையால் இனி யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனாலும் இருவரும் ஒன்று விடாமல் பொறுக்கினார்கள்.

மத்தியானம் மல்பெரித் தோட்டத்தின் கோடியில் குழி வெட்டினான். அவள் தட்டுத் தட்டாக வாரிக் கூடையில் கொண்டுபோய்க் கொட்டினாள். சின்னம்மாள் சுண்ணாம்பு மூட்டையைத் தூக்கிவந்து வைத்தாள். மூட்டையின் வாயை அவளே அவிழ்த்துக் கொடுத்தாள். குழிக்குள் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. சில புழுக்களுக்கு நோயே இல்லை, நன்றாகத் திடமாக இருந்தன. பிரித்தெடுக்க வழியில்லை. கோகிலவாணி கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சுண்ணாம்பைத் தூவினாள்.

மண்ணைத் தள்ளி முடித்ததும், பெட்டியை விற்ற பெங்களூர் சிநேகிதனுக்கு நவநீதன் போன் போட்டான். இந்த மாடலை இப்போது யாரும் வாங்குவதில்லை, பழைய இரும்பு விலைக்குக் கேட்டுப் பார்க்கிறேன் என்று அவன் சொன்னது அவளுக்கும் கேட்டது. நவநீதன் அந்த அழைப்பை முடித்தான். பிறகு இன்னொரு எண்ணை அழுத்தினான்.

"சவுரியப்பன் அண்ணங்களா? நான் நவநீதன் பேசறேங்க... ஆமாங்கண்ணே, நல்லா இருக்கோம்... அந்த எடம் இன்னும் இருக்குதுங்களா?... நைட் ஷிப்ட்டுன்னாலும் பரவால்லீங்க... ரூம்ல எடம் இல்லன்னா சமாளிச்சுக்கறேங்க..."

கோகிலவாணி சுண்ணாம்பு அப்பிய கைகளைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். அந்தக் கையால் முந்தானையைத் தொட முடியவில்லை. கண்ணையும் தொட முடியவில்லை.

"எப்ப வந்து சேரணுங்க?... திங்கக்கெழமையா?"

அவன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவளைத் திரும்பிப் பார்த்தான். வேண்டாம் என்று அவள் தலையசைத்தால் போதும், அவன் போனை வைத்துவிடுவான். வைத்துவிட்டு? அடுத்த பில் வரும். அடுத்த புழுவுக்கு முட்டை வாங்க வேண்டும். செட்டை மருந்தடித்துக் கழுவி வாரக்கணக்கில் காயப்போட வேண்டும். மாமா, இங்கேயே இருங்கள், இருந்து என்ன செய்யலாம் என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது.

சரி என்று தலையை ஆட்டினாள்.

"வந்துடறேங்கண்ணே" என்றான் நவநீதன்.