முட்டைக்கோஸ் அறையில் வியாழக்கிழமை

1

இந்தக் கதை எனக்குப் படிக்கட்டில் கிடைத்தது. பல்கேரியாவின் ருசே நகரில் நான் குடியிருக்கும் எட்டு மாடிக் கட்டடத்தில், குடியிருப்போர் கூட்டம் தரைத்தளப் படிக்கட்டில்தான் நடக்கும். நான் கதை தேடிப் போகவில்லை. லிஃப்ட் ஓடவில்லை, கூட்டத்தைத் தாண்டி மேலே ஏறவும் வழியில்லை. எழுத்தாளர்கள் மக்களோடு கலந்து நிற்பது பெரும்பாலும் இப்படித்தான்.

முதல் வரியாக இதை எழுதினேன்: 'ரலிட்சாவின் உலகம் மௌனத்தால் ஆன ஒரு'

ஒரு என்ன? தீவா, கண்ணாடிக் கூண்டா? அடித்துவிட்டேன். எனக்குக் கீழ்வீட்டு ரலிட்சா மௌனமானவளே அல்ல. குளியலறையில் அவள் பாடுவது குழாய் வழியாக என் வீடு வரை கேட்கும். ரொட்டி அடுமனையில் வேலை, முப்பத்தாறு வயது, ஆட்டிசம் உண்டு. (இந்த இடத்தில் வாசகர் அவளிடம் ஓர் அபூர்வ கணிதத் திறமையை எதிர்பார்ப்பார். மன்னிக்கவும். ஏழாம் வாய்ப்பாட்டிலேயே அவள் தடுமாறுவாள்.)

2

அவளையும் சேர்த்து ஆட்டிசம் உள்ள ஆறு பேர் வியாழன்தோறும் வாசகசாலையின் பின்னறையில் கூடினார்கள். மனிதர்களோடு பழகக் கற்றுத்தர தெமெனுகா என்ற பெண் வருவாள். அவளிடம் வெளிநாட்டிலிருந்து வந்த கையேட்டின் மொழிபெயர்ப்பு ஒன்று இருந்தது. அதில் இப்படி எழுதியிருந்தது: 'மற்றவர் பேசும்போது முகத்தைப் பார்த்து, மேலும் கீழும் மெல்லத் தலையசையுங்கள். அவர் மகிழ்வார்.'

பல்கேரியாவில் மேலும் கீழும் தலையசைத்தால் 'இல்லை' என்று அர்த்தம். 'ஆமாம்' என்றால் பக்கவாட்டில் ஆட்டுவோம். மொழிபெயர்த்த மகராசன் வார்த்தைகளோடு நின்றுவிட்டான், தலையை மொழிபெயர்க்கவில்லை.

கையேட்டை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது வியாழக்கிழமைதான். இவோ என்ற இளைஞன் வாரம் முழுக்கப் பேசுவது அந்த அறையில் மட்டும். அந்த நேரம் பார்த்து வாசகசாலைக் கூரை ஒழுகியது, அறையைப் பூட்டினார்கள். ஒரு வாரம் பூங்காவில் மழையில் நனைந்தார்கள். அடுத்த வாரம் இவோ வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. ரலிட்சா அவன் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினாள். "அறை கிடைச்சா வரேன்" என்று உள்ளிருந்தே சொன்னானாம்.

அறை எங்கள் கட்டடத்திலேயே, தரைத்தளப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு காலத்தில் குழந்தைகளின் தள்ளுவண்டிகளை நிறுத்திவைத்த பொது அறை. சாவி மட்டும் கட்டடப் பொறுப்பாளர் கெனாதியிடம்.

3

(இந்தப் பகுதியில் மழை பெய்வதாக எழுதியிருந்தேன். பெய்யவில்லை.)

படிக்கட்டுக் கூட்டத்தில் ரலிட்சா எழுந்து, வியாழக்கிழமைகளில் அந்தப் பொது அறை வேண்டும் என்று கேட்டாள். கெனாதி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏம்மா, குடுக்க எனக்கு மட்டும் ஆசையில்லையா? என் மனசு உங்க பக்கம்தான்."

ரலிட்சா அவர் முகத்தைப் பார்த்து, மேலும் கீழும் மெல்லத் தலையசைத்தாள்.

கெனாதி தடுமாறினார். "இந்தக் கட்டடத்துக்காக ராப்பகலா உழைக்கறேன்."

தலையசைத்தாள்.

"அந்த அறை ஈரம் பிடிச்சுக் கெடக்கு. உங்க உடம்புக்கு ஆகாது."

தலையசைத்தாள். பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"நான் என் சொந்த உபயோகத்துக்கு அதைத் திறந்ததே கிடையாது."

அவள் இன்னும் மெதுவாக, இன்னும் கனிவாகத் தலையசைத்தாள். ஆறாம் மாடி கீனா அறைக் கதவுப் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினாள். "கெனாதி அண்ணே, அப்ப இந்தப் புளிச்ச முட்டைக்கோஸ் வாசனை யார் வீட்டுது?"

"நாலே நாலு பீப்பாய்தான்!" என்று கத்தினார் கெனாதி. "குளிர்காலத்துக்கு வேற எங்க போய் ஊறப்போடறது?"

கூட்டம் சிரித்து முடிக்க நேரமாயிற்று. கைதூக்கி முடிவு செய்தார்கள்: பீப்பாய்கள் இருக்கட்டும், வியாழன் மாலை அறை அவர்களுக்கு.

4

இதை நான் முதலில் உருக்கமாக எழுதியிருந்தேன். கையேட்டை அப்படியே நம்பிய கள்ளமற்ற பெண், தன்னை அறியாமலே ஒரு பொய்யனை வென்ற அதிசயம். 'அவளுடைய வெள்ளை மனதுக்கு முன்னால்' என்றொரு வரிகூட இருந்தது. அழகான வரி. அவளிடம் படிக்கக் கொடுத்தேன்.

"இது யாரு?" என்றாள்.

"நீதான்."

"நான் பிறந்ததே இந்த ஊர்லதான். எது ஆமாம், எது இல்லைன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப கையேடு?"

"முதல் வாரமே அது தப்புன்னு தெமெனுகாகிட்ட சொல்லிட்டோம். அவ அந்தப் பக்கத்தைக் கிழிச்சே போட்டுட்டா. கெனாதி பொய் சொன்னாரு. நான் தலையால இல்லைன்னேன். வாயால சொன்னா குறுக்க பேசறேன்னு உட்கார வெச்சிடுவாரு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அங்க நின்ன எல்லாருக்கும் புரிஞ்சுது. உங்களுக்கு மட்டும் எப்படிப் புரியாம போச்சு?"

(பதில் சொல்ல நான் எழுதிப்பார்த்த வாக்கியம்: 'உண்மையில் நான்')

5

முடிவுக்கு வருவோம். முதல் வியாழன். இவோ வந்தான். ஈரத் தலையோடு எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றான். இது நானே படிக்கட்டிலிருந்து பார்த்தது. கொஞ்ச நேரத்தில் கெனாதியும் ஒரு குவளையோடு உள்ளே போனார். பீப்பாயின் அடிநீரை எடுத்து மேலே ஊற்றாவிட்டால் முட்டைக்கோஸ் கெட்டுவிடும். அதற்கு ஐந்து நிமிடம் போதும். ஒரு மணி நேரம் கழித்தும் அவர் வெளியே வரவில்லை.

முதல் முடிவு: கெனாதி மன்னிப்புக் கேட்டு அழுகிறார். (அழுகிற ஆள் இல்லை.)

இரண்டாவது: சண்டை வந்து, பூட்டை மாற்றுகிறார். (பூட்டு அப்படியேதான் இருக்கிறது.)

மூன்றாவதை யோசிக்கப் பொறுமையில்லாமல் அறைக் கதவைத் தட்டினேன். ரலிட்சா பாதி திறந்தாள்.

"கெனாதி உள்ள என்ன பண்றாரு? கதைக்கு முடிவு வேணும்."

"அது எங்க வியாழக்கிழமை" என்றாள். கோபமாக இல்லை, நேரம் கேட்டவனுக்கு நேரம் சொல்வதுபோல. "உங்களுக்கும் வரணும்னா கேளுங்க. எழுதறதுக்குன்னா வேண்டாம்."

நான் எதற்காக உள்ளே வர நினைக்கிறேன் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அவள் நியாயமான நேரம் காத்திருந்தாள். பிறகு கதவைச் சாத்தினாள். உள்ளே இவோ ஏதோ சொன்னான், கெனாதி இருமல் வரும்வரை சிரித்தார். என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் யாராவது வேறு நோக்கமில்லாமல் போனால் கேட்டுக்கொள்ளலாம். என்னிடம் சொல்ல வேண்டாம்.