டேப்புக்கு அடியில் இருந்த எழுத்து

அந்தச் சனிக்கிழமை காலை கோல்ஃப் மட்டைக் கடையில் இருந்தவர்கள்: மர ஆலை முதலாளியான மாமனார், அளவெடுக்கும் அறையில், பந்தடிக்கும் வலையைப் பார்த்துப் போட்டிருந்த ஒரே நாற்காலியில், கால்மேல் கால் போட்டுக்கொண்டு. அவருடைய சின்ன மாப்பிள்ளை, சுவரோரம் ஓர் அட்டைப்பெட்டியின் விளிம்பில், பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும். அவரவர் கைக்கு ஏற்ற மட்டையை அளந்து சொல்லும் அளவெடுப்பவர், கணினித் திரைக்குப் பின்னால், முக்காலியில். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே சோபாவில் சின்ன மகளும், அவள் மடியில் கால் நீட்டிப் படுத்திருந்த ஆறு வயது வாண்டும். அவர்களுக்கு உள்ளே நடப்பது தெரியும், பேசுவது கேட்காது. டிரைவர் வாசலில், உட்கார இடமிருந்தும் உட்காராமல், காரில் சாய்ந்து நின்றார். அவருடைய வேலையும் அன்றைக்கு அந்த அறைக்குள்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். பேத்தியைப் பள்ளிக்கு இனிமேல் நானே காரில் கொண்டுபோய் விடுவேன் என்று மாமனார் ஒற்றைக்காலில் நின்றார். பள்ளி மலைமேல் இருக்கிறது. போகிற பாதையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் காற்று. அவரோ சமீபத்தில் வீட்டு வாசல் தூணிலேயே காரை உரசிவிட்டு, "தூணை எவன்டா நடுரோட்டுல கட்டினது?" என்று கேட்டவர். கண்ணைப் பரிசோதிக்கச் சொன்ன டாக்டரை மாற்றிவிட்டார். கண்ணாடி வாங்கினார், அதைச் சட்டைப்பையிலிருந்து வெளியே எடுத்து யாரும் பார்த்ததில்லை.

கெஞ்சினால் காரியம் ஆகாது என்று சின்ன மகளுக்குத் தெரியும். அதனால் பந்தயம் கட்டினாள்.

"நீங்க எஸ் ஷாஃப்ட்தான் ஆடுவேன்னு சொல்வீங்களேப்பா. இப்ப அளந்தா எஸ் வருமா?"

"வராம?"

"வரலேன்னா சாவி டிரைவர்கிட்டயே இருக்கட்டும். வந்துச்சுன்னா வாண்டு உங்களோட வரட்டும்."

"சரி. மனுஷன் சொன்னாத்தான் கேக்க மாட்டேன். மிஷின் சொன்னா கேட்டுக்கறேன்."

மட்டையின் தண்டைத்தான் ஷாஃப்ட் என்பார்கள். அதில் ஓர் எழுத்து இருக்கும். எஸ் என்றால் விறைப்பானது, வேகமான கைக்கு. ஏ என்றால் வளைந்து கொடுப்பது, வேகம் தளர்ந்த கைக்கு. கை தளர்ந்துவிட்டது என்று அவரே ஒத்துக்கொண்டால், கண்ணைப் பற்றியும் மெதுவாகப் பேச்செடுக்கலாம் என்பது மகளின் கணக்கு.

"நீங்க எதுவும் பேச வேணாங்க. மிஷின் பேசட்டும். நீங்க கூட நின்னாப் போதும்," என்று முந்தின இரவே கணவனிடம் சொல்லியிருந்தாள்.

"சும்மா நிக்கறது எனக்குக் கைவந்த கலையாச்சே," என்று அவன் சிரித்தான். மாமனாரின் ஆலையில் கணக்குப் பிரிவில் அவன் அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

அளவெடுப்பவர் மூன்று தண்டுகளை எடுத்து வைத்தார். மூன்றிலும் எழுத்து இருந்த இடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. "எழுத்தைப் பாத்துட்டா கை நடிக்க ஆரம்பிச்சிடும் சார். அதனால கடைசியிலதான் பிரிப்போம்."

முதல் தண்டில் மட்டைத்தலையைத் திருகிக் கொடுத்தார். மாமனார் ஓங்கி அடித்தார். பந்து தரையோடு தரையாகப் போய் வலையின் வலது மூலையில் விழுந்தது.

"என்னய்யா, கடப்பாரையக் குடுத்துட்டியா? கையில உசிரே இல்ல!"

இரண்டாவதும் அப்படித்தான், கொஞ்சம் தேவலை. மூன்றாவதில் பந்து அழகாக எழும்பி வலையின் நடுவில் போய்க் குத்தியது. இன்னொரு முறை அடித்தார். அதே இடம்.

"இதுதான்யா! இது என் கை!"

அளவெடுப்பவர் திரையைப் பார்த்தார். பிறகு, பரீட்சையில் தோற்ற பிள்ளையின் அப்பாவிடம் வாத்தியார் பேசுவதுபோல மெதுவாக, "ஆமா சார், உங்களுக்குப் பொருத்தம் இதுதான்," என்று சொல்லி டேப்பின் நுனியில் நகத்தை வைத்தார்.

"இரு. எங்க மாப்பிள்ளை பிரிக்கட்டும். வீட்டு ஆளு பாத்துச் சொல்லணும்."

மாப்பிள்ளை எழுந்து வந்தான். தண்டு கைக்கு வந்தது. மாமனார் அவன் தோளில் கை போட்டு, பக்கத்தில் இழுத்து, வெற்றிலைப் பெட்டியைத் திறக்கிற நிதானத்தோடு பேசினார்.

"மூத்த மாப்பிள்ளை போன வருஷம் ஒரு வார்த்தை சொன்னாரு. 'உங்களுக்கு வயசாகுது மாமா'ன்னு. நல்ல மனசோடதான் சொன்னாரு. இப்ப எங்க இருக்காரு?"

"கிடங்குல, மாமா."

"எந்தக் கிடங்கு?"

"மலைக்கு அந்தாண்ட."

"ம். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லையாம். பாவம். பிரிங்க மாப்பிள்ளை."

டேப் சுருண்டு வந்தது. உள்ளே ஏ. வெள்ளை நிறத்தில், சின்னப்பிள்ளை எழுதினதுபோலத் தெளிவாக இருந்தது. ஒரு முழம் தள்ளி நின்ற மாமனார் கண்ணை இடுக்கிக்கொண்டு அதையே பார்த்தார். அவர் பார்வை எழுத்தைத் தாண்டி எங்கோ நிலைத்திருந்தது. அவருக்கு அது தெரியவில்லை என்று மாப்பிள்ளைக்குப் புரிந்தது.

கண்ணாடிக்கு அப்பால் மனைவி பாதி எழுந்து நின்றாள்.

"என்ன போட்டிருக்கு?"

"எஸ், மாமா."

அளவெடுப்பவர் சட்டென்று நிமிர்ந்தார். மாப்பிள்ளை அவரைப் பார்க்கவில்லை.

"பாத்தியாய்யா! எங்க அந்தப் பொண்ணு?" மாமனார் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.

அளவெடுப்பவர் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "இருக்கட்டும் சார். இங்க வர்ற பெரியவங்க பாதிப்பேருக்கு நானே எஸ் ஸ்டிக்கர் ஒட்டித்தான் அனுப்பறேன். அவங்களுக்கும் சந்தோஷம், பந்தும் நேராப் போகுது. இதனால யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?" என்று சொல்லிக்கொண்டே ஸ்டிக்கர் தாளை எடுத்துத் தேய்த்து ஒட்டினார். அவருக்குப் பந்தயம் தெரியாது. மாப்பிள்ளை சொல்லவும் இல்லை.

வெளியே வாண்டு தாத்தாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தது.

"முன் சீட்டு எனக்கா தாத்தா?"

"உனக்கேதான்."

"வேகமா ஓட்டுவீங்களா?"

"பின்ன? தாத்தா கை எஸ்ஸு கையாச்சே!"

மகள் கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையைக் குனிந்தாள். "நான்தான் தப்பா நெனச்சுட்டேன்போல. மன்னிச்சுக்குங்கப்பா."

"அதெல்லாம் எதுக்கும்மா? பள்ளிக்கூடத்துக்கு அப்பன்காரன் எழுதித் தரணுமாமே? இப்பவே எழுதிடுவோம். ஆபீஸ் மத்தியானம் வரைக்கும் இருக்கும். மாப்பிள்ளைக்குத்தான் முத்து முத்தா எழுத்து."

கல்லாவில் தாளும் உறையும் வாங்கினார்கள். மாப்பிள்ளை நின்றபடியே எழுதினான். தேதி, பெறுநர், பொருள், எல்லாம் முறைப்படி. 'திங்கட்கிழமை முதல் என் மகளை அவளுடைய தாத்தாவே காரில் அழைத்து வருவார், அழைத்துச் செல்வார். இதற்கு என் சம்மதத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்.'

"முழு சம்மதம்னு போடுங்க," என்றார் மாமனார். போட்டான்.

மனைவி அவன் பக்கத்தில் வந்து, தாளைப் பார்ப்பதுபோலக் குனிந்தாள். "என்னங்க, நெஜமாவே எஸ்தானே? நீங்க சொன்னா நான் நிம்மதியா இருப்பேன்."

பேனா தாளின்மேல் நின்றது. சொல்லிவிடலாம். தாள் இன்னும் மடிக்கப்படவில்லை. மாமனார் மூன்றடி தள்ளி, டிரைவரிடம் ஆலை லாரிக்கு ஆள் தேவைப்படுவதைப் பற்றிப் பேசிக்கொண்டே, இங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்துதான் அவருக்குத் தெரியாது. ஆள் முகம் தெரியும்.

"நான்தானே பிரிச்சேன்," என்றான் அவன். கையெழுத்தைப் போட்டான்.

அவள் மூச்சை விட்டு, அவன் கையை லேசாகத் தொட்டுவிட்டு, குழந்தைக்குச் செருப்பு மாட்டப் போனாள்.

அவன் தாளை மூன்றாக மடித்தான். உறைக்குள் போட்டான். பசை காய்ந்திருந்தது. நாக்கால் தொட்டு, கட்டைவிரலால் ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒருமுறை அழுத்தினான், பிரியவில்லை என்று பார்த்துவிட்டு மறுபடி ஒருமுறை அழுத்தினான். பள்ளியில் கொண்டுபோய்க் கொடுக்க டிரைவர் கையை நீட்டினார்.

"மலைமேல மூடுபனி இறங்குதுன்னு சொல்றாங்க சார்."

"பாத்துப் போங்க," என்று சொல்லி, உறையைக் கொடுத்தான்.