நல்லசிவத்தின் கைராசி

கொச்சி மட்டாஞ்சேரியில் நல்லசிவம் டாக்டருக்குக் கைராசிக்காரர் என்று பெயர். அந்த ராசி எப்படி உண்டாயிற்று என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். சாதாரணக் காய்ச்சல் சில நாளில் தானாக இறங்கிவிடும். ஜனங்கள் முதலில் சுக்குக் காப்பி, பிறகு கடை மாத்திரை, அப்புறம் திருநீறு என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, காய்ச்சலே கிளம்பத் தயாராகும்போதுதான் அவரிடம் வருவார்கள். அவர் நாடி பிடிப்பார். மறுநாள் காய்ச்சல் இருக்காது.

கோட்டயத்தில் மருத்துவம் படித்தபோது அவருக்குப் பிடித்த இடம் நோயாளிகளே வராத பெத்தாலஜி ஆய்வகம். மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்த ரத்தத்துளி யாரையும் புகழாது, உள்ளதைக் காட்டும். சீழ் எப்படிக் கட்டுகிறது என்று விடுதிச் சாப்பாட்டு மேசையில் விளக்கி நண்பர்களிடம் ஏச்சு வாங்கியவர் அவர். 'கொஞ்ச நாளைக்கு' என்றுதான் இந்தக் கிளினிக்கைத் திறந்தார். கொஞ்ச நாள் வருடங்களாக நீண்டது. ஒருவழியாக 1979இல் திருவனந்தபுரத்தில் பெத்தாலஜி மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. சேர வேண்டிய கடைசி நாளும் வந்தது. அன்று மாலைக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்கு.

பெட்டியோடு கிளினிக்கைப் பூட்ட வந்தவர் முன்னால், மிளகுக் கிட்டங்கியில் மூட்டை தூக்கும் ஒச்சப்பனை அவன் மனைவி மாயம்மாள் ரிக்‌ஷாவிலிருந்து இறக்கினாள்.

"ரெண்டு நாளா வயித்துவலி டாக்டரே. எறணாகுளத்துக்குப் போகச் சொன்னாங்க, நான் சம்மதிக்கல. நீங்க ஒண்ணு தொட்டா மதி, அதுவே போதும்."

தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி இப்போது வலது அடிவயிற்றில் நின்றது. குடலின் நரம்புகளுக்கு இடம் சொல்லத் தெரியாது. வீக்கம் வயிற்றுச் சுவரின் உட்சவ்வைத் தொட்ட பிறகுதான் வலி இடம் காட்டும். டாக்டர் அங்கே மெல்ல அழுத்திச் சட்டென்று கையை எடுத்தார். ஒச்சப்பன் அலறினான். குடல்வால் அழற்சி, சந்தேகமே இல்லை.

அவர் கை கழுவிவிட்டுத் திரும்பியபோது ஒச்சப்பன் எழுந்து உட்கார்ந்திருந்தான்.

"போயி! வலி போயி டாக்டரே!"

"பாத்தியா, நான் சொன்னேன்ல!" என்று மாயம்மாள் டாக்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

டாக்டர் கையை விடுவித்துக்கொண்டார். "இது நல்ல வலி போனதில்ல. உள்ள சீழ் கட்டியிருந்த குடல்வால் வெடிச்சிருக்கு. அழுத்தம் போனதால வலி போச்சு. சீழ் இப்ப வயிறு பூரா பரவும். இப்பவே ஆப்பரேஷன் பண்ணணும்."

"சொகமா இருக்குறவன எதுக்குக் கீறணும்?" என்றாள் மாயம்மாள்.

ஒச்சப்பன் அவர் பெட்டியைப் பார்த்துக் கண்ணடித்தான். "டாக்டர் ஊருக்குப் போறாருடி. அதான் நம்மளத் தள்ளிவிடுறாரு."

"நீங்க கூட வாங்க. அப்ப வாரோம்," என்று மாயம்மாள் தீர்த்துச் சொன்னாள்.

போனார். எர்ணாகுளம் ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துவிட்டு நேரே ரயிலடிக்குப் போய்விடலாம் என்பது அவர் கணக்கு. அதற்குள் வலி திரும்பி வந்திருந்தது. ஆப்பரேஷன் தியேட்டர் வாசலில் ஒச்சப்பன் அவர் மணிக்கட்டை இறுக்கிக்கொண்டான். "இந்தக் கை பக்கத்துல இருந்தாத்தான் படுப்பேன்."

பேசிப் புரியவைக்க நேரமில்லை. சர்ஜன் சிரித்தார். "வேற வழியில்ல சாரே, நீங்களும் உடுப்பை மாத்துங்க."

வயிற்றைத் திறந்ததும் சீழ் பொங்கி வந்தது. கழுவி, குழாய் வைத்துத் தைத்து முடிப்பதற்குள் ரயில் போய்விட்டது. இடமும் போனது.

உடம்பு தேறி வந்த ஒச்சப்பன், பக்கத்துப் பள்ளுருத்தியிலிருந்து ஒரு பெருங்கூட்டத்தையே கிளினிக்குக்கு அழைத்து வந்தான். நல்லசிவம் அவனை உட்காரவைத்தார். காகிதத்தில் குடலை வரைந்து, வலி ஏன் போனது, உயிரைக் காத்தது யார் என்று பொறுமையாக விளக்கினார். ஒச்சப்பன் ஒரு சொல் விடாமல் கேட்டான்.

"புரிஞ்சுதா?"

"நல்லா புரிஞ்சுது டாக்டரே," என்றவன் கூட்டத்தின் பக்கம் திரும்பினான். "கேட்டீங்கள்ல? இவரு கை பட்டதும் உள்ள இருந்த சனியன் வெடிச்சே போச்சு!"

வரிசையில் முதலில் நின்றவர் நாடி காட்டச் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.