பேர் பதியப் போனேன்

உயில் எழுத நொத்தாரிசு கணேசமூர்த்தி ஐயா வந்து உட்கார்ந்ததும் முதலில் சொன்னதே, "நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா" என்பதுதான். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். வீட்டில் நானும் என் அக்கா பூரணியும் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? சாய்வு நாற்காலியில் கிடந்த அக்கா, "போடி, போய் தேத்தண்ணி ஊத்து" என்றாள்.

போனேன். குசினிக் கதவு என்ன இரும்புக் கதவா? காது அதுபாட்டுக்குக் கேட்டது.

"வீடு புள்ளைங்களுக்குத்தான் ஐயா. அதுல மாத்தமே இல்ல. வித்து, அந்தக் காசுல தோட்டத்துப் பொம்பளப் புள்ளைங்க இஞ்சினியரிங் படிக்கணும்."

கையிலிருந்த சீனிப் போத்தல் நழுவப் பார்த்தது. அதற்கு மேல் என்ன பேசினார்களோ, என் காதில் ஏறவில்லை.

ஹட்டன் டவுனுக்கு மேலே, சரிவில், அக்கா தானே பிளான் போட்டுக் கட்டிய வீடு இது. எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து இஞ்சினியரான முதல் பொம்பளை அவள். பாலம் கட்டுகிற இடத்தில் தொப்பியோடு அவள் நிற்கும்போதே, சீமெந்து கொண்டுவரும் லொறிக்காரர்கள் அவளிடமே வந்து "மஹத்தயா கோ?" என்று, ஐயா எங்கே என்று கேட்பார்களாம். "ஐயாவே நான்தான், மூட்டைய எறக்குங்க" என்பாளாம். கல்யாணம் கட்டவில்லை. சம்பளம் வாங்கிய காலத்திலிருந்தே கம்பஸ் பிள்ளைகளின் போடிங் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அனுப்பிக்கொண்டே இருப்பாள். இப்போதும் பேராதனையிலிருந்து தனுஷிகா என்று ஒருத்தி போன் பண்ணி, "மேடம், பாஸ் பண்ணிட்டேன்" என்று காது கிழியக் கத்துவாள். எனக்கும் சந்தோஷந்தான், இல்லையென்று சொல்லவில்லை.

ஆனால் நான்? என் புருஷன் போனபிறகு, "அங்க தனியா என்னடி செய்ற, வா" என்று அக்கா கூப்பிட்டாள். தோட்டத்து லயத்து வரிசையில் இருந்த ஒற்றை அறைக் காம்பராவை ஒப்படைத்துவிட்டு வந்துவிட்டேன். பிள்ளை குட்டி கிடையாது. எனக்கென்று ஒரு கூரையும் கிடையாது. வருகிற திங்கட்கிழமை கண்டியில் அக்காவுக்கு நெஞ்சைத் திறந்து ஒப்பரேஷன். அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் எங்கே போவேன்?

வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். கேட்க மாட்டேன். எனக்கு ரோஷம் ஜாஸ்தி.

தோட்டத்து ஆளுக்கு வீடு என்றால் என்ன? காம்பராவில் யாராவது ஒருத்தர் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்ய வேண்டும். பேர் இருந்தால் காம்பரா, பேர் வெட்டினால் தெரு. அப்பா செத்துக் கருமாதி முடிவதற்குள் கணக்கப்பிள்ளை வந்து வாசலில் நின்றார். அம்மா சீக்காளி, அவள் பேரை முன்னமே வெட்டியாகிவிட்டது. அக்கா அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். "நான் பேர் குடுக்குறேன்" என்று நான்தான் முன்னால் போனேன். மறுநாள் விடியக் கூடையோடு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நின்றேன். காம்பரா தப்பியது. அக்கா படித்தாள்.

அதையெல்லாம் மறந்துவிட்டாளா?

அடுத்த நாள் காலையில், "பின்னேரம் நொத்தாரிசு கையெழுத்து வாங்க வருவாரு, எங்கயும் போயிராத" என்றாள் அக்கா. "ம்" என்றேன். மரக்கறி வாங்கப் போகிறவள் மாதிரி பையை எடுத்துக்கொண்டு, தோட்டத்துப் பக்கம் போகும் றொசல்ல பஸ்ஸில் ஏறினேன்.

தோட்டத்து ஒபீஸில் கிளாக்கர் சின்னத்தம்பி இருந்தான். எங்கள் லயத்தில் வளர்ந்தவன்.

"பேர் பதியணும் தம்பி."

"யாருக்குக்கா?"

"எனக்குத்தான். இன்னும் கொழுந்து எடுப்பேன், கை நல்லாத்தான் இருக்கு. ஒரு காம்பரா குடுத்தாப் போதும்."

அவன் சிரித்திருந்தால் திட்டிவிட்டு வந்திருப்பேன். சிரிக்கவில்லை. "ஒங்களுக்கு பேர் வெட்டுற வயசுக்கா. ஒங்க காம்பராவும் போன மழையில விழுந்திருச்சு, செவருதான் நிக்குது. இஞ்சினியரம்மா வீட்ட விட்டுட்டு ஏன் இங்க?" என்றான்.

"ஒனக்கென்னடா" என்று வந்துவிட்டேன்.

திரும்பி வரும் வழியில் பாதையில் மண் சரிந்து பஸ் நகரவேயில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. அக்காதான். அடிக்கட்டும் என்று எடுக்காமல் இருந்தேன். பிறகு அடிப்பது நின்றது. நின்றதும்தான் எனக்குப் பயம் வந்தது. நானே அவளுக்கு அடித்தேன், அவள் எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது. ஐயோ, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தனியாக விழுந்து கிடக்கிறாளோ? ஹட்டனில் இறங்கி மேட்டில் எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியாது.

அக்கா நாற்காலியில் இருந்தாள். நொத்தாரிசு இருந்தார். சாட்சிக்கு வந்த பக்கத்து வீட்டு அமிர்தநாதன் மாஸ்டரும் அவர் மனைவி பெற்றீசியாவும் இருந்தார்கள். அக்காவின் முகம் கறுத்திருந்தது.

"சின்னத்தம்பி போன் பண்ணுனான். பேர் பதியப் போனியாமே? நீ வராம கையெழுத்து வைக்க மாட்டேன்னு இவங்கள உக்கார வச்சிருக்கேன். போன எடுக்க மாட்டீங்களோ மகாராணி?"

"நீ மட்டும் எடுத்தியா?"

"கோவம்டி. எடுக்கல."

எனக்குப் பொங்கிவிட்டது. "பின்ன என்ன செய்யச் சொல்ற? வீட்ட வித்துப் புள்ளைங்களுக்குக் குடு. நான் ரோட்டுல நிக்கிறேன். நான் பேர் குடுத்ததாலதான நீ படிச்ச!"

பெற்றீசியா தரையைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்க்காமல், "வாசிங்க ஐயா" என்றாள்.

நொத்தாரிசு கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "எனது தங்கை வீரம்மா உயிரோடிருக்கும் காலம் முழுவதும் இவ்வீட்டில் குடியிருக்க உரித்துடையவர். அவரை எவரும் வெளியேற்ற முடியாது. அவரது காலத்திற்குப் பின்னரே இவ்வீடு மாணவிகளின் கல்வி நிதிக்குச் சேரும்."

"கேட்டியா? எந்தக் கணக்கப்பிள்ளையும் வந்து வாசல்ல நிக்க முடியாது. ஒன் பேரத்தான் பதிஞ்சிருக்கேன், லூசு" என்றாள் அக்கா.

வெட்கமாக இருந்தது. விட்டுக்கொடுக்கவும் மனசில்லை. "அப்ப அந்தப் புள்ளைங்க எல்லாம் நான் எப்ப சாவேன்னு பாத்துக்கிட்டு இருக்கணுமா?" என்றேன்.

அமிர்தநாதன் மாஸ்டர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. "மேல் ரூம் சும்மாதான கெடக்கு. ரெண்டு புள்ளைங்களக் கூட்டிட்டு வந்து சோறாக்கிப் போடு. ஒன் வாய்க்கும் ஆள் வேணும்" என்றாள்.

நொத்தாரிசு பேனையை எடுத்தார். "இப்ப நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா. சொத்து யாருக்குப் போகுதோ அவங்க பக்கத்துல நிக்கக் கூடாது. நாளைக்கு ஒருத்தரும் வாய் தெறக்கக் கூடாதில்லையா?"

நேற்றும் அதற்குத்தான் வெளியே அனுப்பினாரா!

வெளியே வந்து ஜன்னல் ஓரம் நின்றேன். அக்கா எழுதத் தொடங்கி, பேனையை வைத்துவிட்டு நெஞ்சில் கையை வைத்தாள். மூச்சு வாங்கினாள். மறுபடி பேனையை எடுத்தாள். பெரிய பெரிய பாலங்களுக்குக் கையெழுத்துப் போட்ட கை, தன் பேரை ஒவ்வொரு எழுத்தாக நின்று நின்று போட்டது. திங்கட்கிழமை கண்டிக்குப் போக வேண்டுமே, முருகா!

நேற்றிலிருந்து இந்த வீடு என்னை விட்டுப் போய்விடுமே என்று பயந்து செத்தேன். இப்போது அது எனக்கு வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.