வானதி குடித்த கீழாநெல்லி

பூதலூரில் மாமியார் வீட்டுக் கொல்லையில் புகழேந்தி நின்றுகொண்டிருந்தான். தை மாதக் காலை. மாமியார் தங்கம்மாள் வரப்பில் பறித்த கீழாநெல்லியை அம்மியில் அரைத்து, மோரில் கலக்கி, இளைய மகள் வானதியிடம் நீட்டினாள்.

"மூச்சு விடாம குடி. உங்கக்காவைக் காமாலைக்குக் கொடுத்தது போதும்."

"அஞ்சு மாசமா இதான். ஆடுகூட மோந்துட்டுப் போயிடும் மாமா," என்று வானதி அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் மனைவி மலர்க்கொடி காமாலையில் சாகவில்லை. மார்பில் வந்த புற்று ஈரலுக்குப் பரவிக் கண் மஞ்சளானது. பார்த்தவர்கள் காமாலை என்றார்கள்; புருஷனும் பெண்டாட்டியும் ஆமாம் என்றார்கள். "கூடப்பிறந்த பொண்ணு இருந்தா அவங்களையும் உடனே பாத்துடணும்" என்று டாக்டர் சித்திரையிலேயே சொல்லியிருந்தார். வெளியே வந்ததும் மலர் அவன் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"ஆவணியில வானதிக்குக் கல்யாணம். குடும்ப வியாதின்னா பட்டுக்கோட்டை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஓடிடுவாங்க. தாலி ஏறட்டும், அப்புறம் சொல்லுங்க."

ஆடியில் அவள் போய்விட்டாள். தலைத்திவசம் கழியட்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளினார்கள். சத்தியமும் கூடவே தள்ளிப்போயிற்று. எந்தச் சொல் எங்கே கொண்டுபோய் விடுமோ என்று பயந்து அவன் பேச்சையே விட்டான். துக்கத்தில் மரத்துப்போனான் என்றது ஊர்.

டம்ளரை வைக்கும்போது வானதி அக்குளை அமுக்கிக்கொண்டாள்.

"என்ன?"

"அறுவடை மெஷின் விட்ட மூலையை அறுக்கப் போனா. கையில அரிவாள் பட்டு நெறி கட்டியிருக்கு," என்றாள் தங்கம்மாள்.

அரிவாள் கீறியது இடது கையில். வானதி அமுக்கியது வலது அக்குளை.

"எத்தனை நாளா?"

"பொங்கலுக்கு முன்னாடியே இருந்துச்சு மாமா. வலியெல்லாம் இல்ல."

"மலருக்கு வந்தது காமாலை இல்ல அத்தை."

மீதியையும் நின்ற இடத்திலேயே சொன்னான். நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

தங்கம்மாள் குழவியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். "நாப்பது நாள் அரைச்சுக் கொடுத்தேனே. வாங்கி வாங்கிக் குடிச்சாளே."

வானதி சித்திரையிலிருந்து விரல் விட்டு எண்ணினாள். ஒன்பதில் நிறுத்தினாள். "என்னைப் பாக்குறப்பல்லாம் இது ஞாபகம் வருமா மாமா?"

"வரும்."

"வந்துமா நான் குடிக்கிறதைப் பாத்துட்டு நின்னீங்க?"

"கிளம்பும்மா. இப்பவே போயிடுவோம்."

தங்கம்மாள் எழுந்துபோய்க் கொல்லைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். "மெதுவா பேசுங்க மாப்பிள்ளை. தஞ்சாவூர் வேணாம், சம்பந்தி ஆளுங்க இருக்காங்க. திருச்சிக்குப் போங்க. யாராவது கேட்டா ஜவுளி பாக்கப் போறதா சொல்லிக்கலாம்."

வாசலில் அவன் பைக்கை உதைத்தபோது எதிர்வீட்டு ராஜாத்தி கேட்டாள்: "என்னடி வானதி, விடிஞ்சதும் விடியாததுமா சவாரி?"

வானதி வாயைத் திறந்தாள்.

"ஜவுளி பாக்கக்கா," என்றான் புகழேந்தி. யோசிக்காமலே வந்துவிட்டது.

ஏறப்போன வானதி ஒரு கணம் நின்றாள். பிறகு ஏறினாள். திருச்சிவரை அவன் தோளைப் பிடிக்கவில்லை.